கல் இல்லாத இடம்

சிவமயம்

உரும்பிராய்
26.01.2025

மச்சாளுக்கு,

வியாழக்கிழமை உங்கள் தம்பியின், என் வீட்டுக்காரரின், ஆண்டுத் திவசத்துக்கு இந்த வீட்டில் நின்றவர்கள் எட்டுப் பேர். கிரியை செய்த ஐயர். தர்ப்பை போட்டு இருந்த என் மகன் பிரணவன். மகள் வினோஜா. வைகாசியில் அவளை மருமகளாக எடுக்கப்போகிற சம்பந்தி அம்மா. வாழையிலை வெட்டித் தந்த பக்கத்து வீட்டு றஞ்சித். நீங்கள். உங்கள் வீட்டுக்காரர் இராசநாயகம் அண்ணை. எட்டாவது ஆள் நான். நான் ஆள் எண்ணி அரிசி போடுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும்.

“அன்புள்ள” என்று தொடங்குவதுதான் என் வழக்கம். இன்றைக்கு அந்தச் சொல்லை எழுதினால் பொய்யாகப் போகும். கடிதமே எழுத நினைக்கவில்லை. ஆனால் போன் எடுத்தால் அண்ணைதான் எடுக்கிறார். “அவ கோயிலுக்குப் போட்டா பிள்ளை” என்கிறார். விடியவும் கோயில், உச்சி வெயிலிலும் கோயில். மத்தியானம் முழுக்க நடை திறந்திருக்கிற கோயில் உடுப்பிட்டியில் எது என்று சொன்னால் நானும் வந்து ஒரு கற்பூரம் கொளுத்துவேன்.

நடந்ததை எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள். படையல் முடிந்து காகம் வந்து சோற்றை எடுத்தது. அதைப் பார்த்து நீங்களே கண்ணைத் துடைத்தீர்கள். பிறகு பந்தி இருந்தோம். கடைசியாக நான் இராசவள்ளிக் கிழங்குக் கஞ்சி கொண்டுவந்தேன். அவர் எப்படிக் கேட்பாரோ அப்படி, தேங்காய்ப்பால் விட்டு, கரண்டி நிற்கிற தடிப்பில். நீங்கள் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கேட்டீர்கள்.

“கலா, உது சந்தைக் கிழங்கோ?”

“இல்லை மச்சாள், எங்கடை வளவுதான். பங்கர் மூடின இடத்திலை வைச்சனான். அங்கை மட்டும்தான் கல் இல்லை.”

இவ்வளவுதான் நான் சொன்னது. நீங்கள் கோப்பையைத் தட்டி வைத்துவிட்டு எழும்பினீர்கள். கை கழுவவில்லை. ஒரு சொல் சொல்லவில்லை. தானம் வாங்கிக்கொண்டு படலையடியில் செருப்புப் போட்ட ஐயரையும் தாண்டிக்கொண்டு போனீர்கள். திவசத்து இலையை விட்டு எழும்பிப் போனால் அது யாருக்கு அவமானம் மச்சாள்? எனக்கா, உங்கள் தம்பிக்கா? அண்ணை மட்டும் தலையைக் குனிந்தபடி, மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, கோப்பையை விரலால் வழித்து, கை கழுவி, “வாறன் பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்காவது மரியாதை தெரிந்திருக்கிறது.

சம்பந்தி அம்மா என்ன கேட்டா தெரியுமா? “உவ நாளைக்கு என்ரை மகன்ரை கலியாணப் பந்தியிலையும் இப்பிடி எழும்புவாவோ?” வினோஜா குசினிக்குள் போய் நின்று அழுதாள்.

நான் செய்த பிழை என்ன? தோட்டத்தில் பிழை என்றால் அதற்கும் பதில் சொல்கிறேன். அவர் போன பிறகு எனக்கென்று இருப்பது குசினிக்குப் பின்னால் உள்ள அந்தத் துண்டு நிலம்தான். நாலு பாய் விரித்தால் முடிந்துவிடும். ஒரு முழம் வெட்டினால் சுண்ணாம்புக் கல். ஒருவரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. வைத்துப் பார்த்து, பட்டுப்போனால் ஏன் என்று கொப்பியில் எழுதி, அப்படித்தான் பழகினேன். பூசணி வைக்கவில்லை, ஒரு கொடியே வளவு முழுக்கப் படுத்துவிடும். முருங்கை வைக்கவில்லை, மயிர்க்கொட்டிப் புழு வந்தால் கொடியில் உடுப்புக் காயப்போட ஏலாது. வேலியில் பயிற்றையும் பாகலும், ஏனென்றால் அவை மேலே போகும், நிலம் கேட்காது. கிணற்றடி வாய்க்காலில் வல்லாரை. வெயில் விழுகிற பக்கம் கத்தரியும் மிளகாயும். இராசவள்ளிக்கு மட்டும் ஆழம் வேண்டும். கல்லில் முட்டினால் கிழங்கு முடிச்சு விழுந்து நின்றுவிடும். அலவாங்கால் குத்திக் குத்திப் பார்த்தேன். சண்டைக் காலத்தில் குண்டுக்கு ஒளிய வெட்டின பங்கரை மூடின இடத்தில்தான் அலவாங்கு வெண்ணெயில் போவது போலப் போனது.

அங்கே நின்ற செவ்வரத்தைப் பூமரத்தைத் தோண்டினது பிழையா? அதில் மாப்பூச்சி பிடித்துக் கத்தரிக்குப் பரவியது. வேரோடு எடுத்து எரித்தேன். அதற்குப் பிறகு நீங்கள் திவசத்துக்குத்தான் வந்தீர்கள், அன்றைக்குப் பின்பக்கம் போகவில்லை. நீங்கள் வருகிற ஒவ்வொரு தரமும் கிணற்றில் ஒரு வாளி அள்ளி அதற்கு ஊற்றுவீர்கள். கலா தண்ணீர் விடாமல் காயப் போட்டிருக்கிறாள் என்று எனக்குக் குத்திக் காட்டுகிறீர்கள் என்றுதான் நான் நினைத்தேன். இத்தனை வருசமும் அதையும் பொறுத்தேன்.

வைகாசியில் கலியாணத்துக்குப் பாலிகை போட வேண்டும். சட்டிகளில் மண் நிரப்பி நவதானியம் தூவுவதை விதவை நான் செய்யக்கூடாது. பிள்ளையின் மாமி நீங்கள்தான் செய்ய வேண்டும். உங்கள் தம்பி உயிரோடு இருக்கும்போதே சொல்லி வைத்தது. வருகிறீர்களா இல்லையா என்பதையும், இலையை விட்டு ஏன் எழும்பினீர்கள் என்பதையும் எனக்கு எழுத வேண்டும்.

உதயகலா


உடுப்பிட்டி
08.02.2025

கலாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. எட்டுப் பேர் என்று எண்ணியிருக்கிறீர். உமது கணக்கில் ஒருவன் குறைகிறான்.

எங்கள் வீட்டு மண்டபத்தில் மாலை போட்ட படத்தில் இருக்கிற என் மகன் கோகுலன். காய்ச்சலில் போனான் என்றுதான் உமக்குச் சொன்னது. காய்ச்சல் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு. அவனுக்கு நாலு வயது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் அவனையும் கூட்டிக்கொண்டு உரும்பிராய்க்கு வந்திருந்தேன். குண்டு போடுகிற பொம்மர் சுற்றத் தொடங்கியது. தம்பி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். முதலில் அவனைத்தான் பங்கருக்குள் இறக்கினான். டோர்ச் அடித்துப் பார்க்கவில்லை. உள்ளே புடையன் பாம்பு கிடந்தது. மேலே பொம்மர், கீழே பிள்ளை. நாங்கள் ஆசுபத்திரிக்கு வெளிக்கிட்டபோது பிந்திவிட்டது. குண்டு விழுந்தது வேறு எங்கேயோ.

பங்கரை வெட்டினவனும் தம்பி, மூடினவனும் தம்பி. ஒருவரையும் மண்வெட்டி தொட விடவில்லை. செம்மண்ணை அரிதட்டில் அரித்து அரித்துப் போட்டான். பிள்ளையை நாங்கள் சுடலையில்தான் தாட்டோம். குழிக்குள் ஒன்றும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். நான் கேட்டேன், “தம்பி, எதுக்கடா மண்ணை அரிக்கிறாய்?” அவன் சொன்னான், “கல் குத்தும் அக்கா.”

உமது அலவாங்கு வெண்ணெயில் போவது போல ஏன் போனது என்று இப்போது விளங்குகிறதா?

அந்தச் செவ்வரத்தை அவன் வைத்தது. நான் ஊற்றினது உமக்குக் குத்திக் காட்ட இல்லை. அந்தப் படலைக்குள் வந்தால் எனக்கு வேறு செய்ய ஒன்றும் இல்லை. அதையும் தோண்டி எரித்துவிட்டு, கத்தரிக்குப் பூச்சி பிடித்தது என்று எனக்குக் கணக்குக் காட்டுகிறீர். என் பிள்ளை போன குழியில் விளைந்ததை என் வாயில் வைத்துவிட்டு, இலையை விட்டு ஏன் எழும்பினேன் என்று கேட்கிறீர். நான் வாந்தி எடுக்காமல் பஸ் ஏறினதே பெரிய காரியம்.

பாலிகைக்கு வேறு ஆளைப் பாரும். அந்த வளவுக்குள் நான் இனிக் கால் வைக்கமாட்டேன்.

தவமலர்


சிவமயம்

உரும்பிராய்
16.02.2025

மச்சாளுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நான் குளித்தேன். அந்தப் பிள்ளைக்காக ஒரு விளக்கு வைத்தேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவது எல்லாம் கோபம்.

எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு நான் வந்து இருபத்தேழு வருசம். அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, “என்ன காய்ச்சல் மச்சாள்?” என்று நான் ஒரு முறை கேட்டேன். “அந்த நேரம் எல்லாருக்கும் வந்த காய்ச்சல்தான்” என்றீர்கள். உங்கள் தம்பி பக்கத்தில் நின்று கொண்டு சுவரைப் பார்த்தார். என் மாமியார் சாகும்வரைக்கும் வாய் திறக்கவில்லை. மூன்று பேர் சேர்ந்து எனக்கு மறைத்தீர்கள். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றை நான் மிதித்துவிட்டேன் என்று அத்தனை பேருக்கு முன்னால் எழும்பிப் போகிறீர்கள். கண்ணைக் கட்டி விட்டவர்களே தடுக்கி விழுந்தவளை அடிக்கிறதா?

என் பிள்ளைகள் இரண்டு பேரும் தவழ்ந்து பழகினது அந்த இடத்தில். செவ்வரத்தை நிழலில் பாய் போட்டு வினோஜாவை விட்டுவிட்டு நான் அரிசி புடைத்திருக்கிறேன். உங்கள் தம்பி வேலையால் வந்தால் பிள்ளையை அள்ளித் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். பிள்ளையில் அவ்வளவு ஆசை என்று நான் ஊருக்கெல்லாம் சொன்னேன். இப்போது அந்த ஆசையையும் என்னிடம் இருந்து எடுத்துவிட்டீர்கள். அது பயம்.

அந்தப் பூவையும் கேளுங்கள். கலியாணம் முடித்து வந்த மறுநாள் பிள்ளையாருக்கு வைக்கப் பூ எங்கே ஆயலாம் என்று கேட்டேன். அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அந்தச் செவ்வரத்தையைக் காட்டினார். எனக்காக வைத்து வளர்த்தார் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் அவர் எனக்காகச் செய்தவர் இல்லை, நகை வாங்கித் தந்தவர் இல்லை, ஒரு படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனவர் இல்லை. அந்தப் பூ மட்டும் என்னுடையது என்று இருந்தேன். தினமும் ஆய்ந்து பிள்ளையார் காலடியில் வைத்தேன். நான் என்னத்தைக் கொண்டுபோய் வைத்தேன் என்று பிள்ளையாருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அவருடைய படத்துக்கு மாலை மாற்றுவதை நிறுத்தியிருக்கிறேன். பிரணவன், “என்னம்மா, அப்பாவோடை சண்டையோ?” என்று கேட்டான். ஓம் என்றேன். செத்தவரோடு சண்டை பிடிப்பது லேசு என்று நினைக்க வேண்டாம். அவர் இப்போதும் சுவரைத்தான் பார்க்கிறார்.

விதைக்கு எடுத்த கிழங்குகள் சாம்பல் தடவிக் குசினி மூலையில் கிடக்கின்றன. சித்திரையில் நட வேண்டும். நட்டால் உங்கள் பிள்ளைக்குச் செய்கிற பாவம், எறிந்தால் ஆண்டவன் தந்த சாப்பாட்டை எறிகிற பாவம். இரண்டில் எது சின்னது என்று சொல்ல இங்கே ஆள் இல்லை.

பாலிகைக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னீர்கள். பார்க்கிறேன். புருசனோடு வாழுகிற பொம்பிளைகளுக்கு ஊரில் பஞ்சம் இல்லை.

உதயகலா


உடுப்பிட்டி
21.03.2025

கலாவுக்கு,

பதில் போடுவதில்லை என்றுதான் இருந்தேன். நீர் பிழையாக எழுதின ஒன்றைத் திருத்த வேண்டி எழுதுகிறேன். மூன்று பேர் சேர்ந்து மறைத்தோம் என்கிறீர். உமது கலியாணத்துக்கு முதல் நாள் தம்பி பஸ் ஏறி இங்கே வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான் என்று நினைத்தேன். இத்தனை வருசத்தில் அவன் அதைக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அவன் கேட்டது வேறு.

“அக்கா, வாற பிள்ளைக்குச் சொல்லிப்போடாதை. அவள் அந்த வளவுக்கை பயந்து பயந்து இருப்பாள். அவளாவது அங்கை காலை ஊண்டி நடக்கட்டும்.”

நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். நீர் அந்த வளவில் காலை ஊன்றித்தான் நடந்தீர். வந்த ஒவ்வொரு நாளும் பார்த்தேன். பார்க்க எனக்கு எரிந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று. அண்ணைக்கு மரியாதை தெரிந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர். பஸ்ஸில் வரும்போது அவரைப் பேசினேன். “பெத்த தகப்பன் எல்லோ நீங்கள். என்னெண்டு அந்தக் கோப்பையை வழிச்சு நக்கினீங்கள்?” என்று கேட்டேன். நெல்லியடியில் இறங்குகிற நேரம்தான் சொன்னார்.

“அவன்ரை மண்ணிலை விளைஞ்சது. நான் எப்பிடியப்பா மிச்சம் விடுறது?”

அதற்குப் பிறகு அவரோடும் நான் கதைக்கவில்லை. தேத்தண்ணி போட்டு மேசையில் வைக்கிறேன், எடுத்துக் குடிக்கிறார். முப்பத்தைந்து வருசம் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் சொல்லாத மனிசன் அன்றைக்கு அதைச் சொன்னால் நான் என்ன செய்கிறது?

உமது விதைக்கிழங்கைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

தவமலர்


சிவமயம்

உரும்பிராய்
27.04.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

அந்தச் சொல்லைத் திரும்ப எழுதியிருக்கிறேன் என்பதற்காகக் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆறவில்லை. நான் பயப்படுவேன் என்று உங்கள் தம்பி எப்படி முடிவு கட்டினார்? என்னிடம் கேட்டாரா? சொல்லியிருந்தால் இரண்டு பேருமாகப் பயந்திருக்கலாம். ஒரு வாளித் தண்ணீர் நானும் ஊற்றியிருப்பேன். இரவில் அவர் எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்ற நாட்களில் “என்னப்பா, வயித்துக்குள்ளையோ?” என்று கேட்டுச் சுடுதண்ணி வைத்துக் கொடுத்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் முகம் எரிகிறது. மாலை இன்னும் மாற்றவில்லை.

அண்ணை சொன்னதை நீங்கள் எழுதியிருந்த இடத்தில் மட்டும் எனக்குக் கோபிக்கத் தெரியவில்லை.

பாலிகைக்கு மற்றொரு ஆளைக் கேட்டேன். பின் ஒழுங்கையில் ஒருத்தி சந்தோசமாய் ஓம் என்றா. வீட்டுக்கு வந்து வினோஜாவிடம் சொன்னேன். “மாமி போடாட்டி எனக்குப் பாலிகையே வேண்டாம்” என்கிறாள். “மாமிக்கு இந்த வளவு ஏலாது, காரணம் இருக்கு” என்றேன். காரணம் கேட்டாள். சொன்னேன். இந்த வீட்டில் மறைத்தது போதும். பிரணவனுக்கும் சொன்னேன். இரண்டு பேரும் போய் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிரணவன் ஒரு வாளி அள்ளி வெறும் மண்ணுக்கு ஊற்றினான்.

மச்சாள், ஒரு வளவு முழுக்க முளைக்க வைத்த கை என்னுடையது. மகளின் பாலிகைக்கு மட்டும் ஆகாது என்கிறார்கள். அந்தக் கோபத்தை நான் ஆண்டவனிடம் வைத்திருக்கிறேன், அவரோடு தனியாகப் பேசிக்கொள்கிறேன். உங்களைக் கேட்பது அந்தக் கைக்குப் பதிலாக உங்கள் கையை.

அந்த இடம் சித்திரை பிறந்தும் வெறுமனே கிடக்கிறது. மற்ற எல்லாப் பாத்தியும் நட்டாயிற்று. உங்களிடம் கேட்காமல் அதில் இனி நான் மண்வெட்டி வைக்கமாட்டேன். ஆனால் வெறுமையாக விடவும் எனக்கு மனம் இல்லை. உங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு செவ்வரத்தை நிற்கிறது. வினோஜா பிறந்த வருசம் இங்கிருந்து நீங்கள் ஒடித்துக்கொண்டு போன தடி அது, எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதில் விரல் தடிப்பில் ஒரு தடி வெட்டுங்கள். இளம் தடி வேண்டாம், அழுகிவிடும். ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டு வாருங்கள். கிழக்குப் பக்கம் அதை நீங்களே ஊன்றுங்கள். மேற்குப் பக்கம் நான் இரண்டே இரண்டு கிழங்கு வைக்கிறேன். கொடியை வேலிப் பக்கம் இழுத்துவிடுவேன், செவ்வரத்தையை அமுக்காது. மாப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயும் சவர்க்காரத் தண்ணியும் அடிப்பேன். போன தரமும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். எரித்தது என் அவசரம்.

தையில் கிழங்கு கிண்டினால் அண்ணைக்கு நான் கஞ்சி காய்ச்சுவேன். அவர் வந்து இருந்து குடிக்கட்டும். நீங்கள் எழும்பிப் போவதென்றால் போகலாம். ஆனால் கை கழுவிவிட்டுப் போங்கள், எனக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்.

பந்தலுக்குக் கன்னிக்கால் ஊன்றுவதும் பாலிகை போடுவதும் யூன் ஐந்தாம் திகதி, வியாழக்கிழமை காலை. சட்டிகள் வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கிழங்கு குசினி மூலையில் முளை கட்டத் தொடங்கிவிட்டது, கன நாள் தாங்காது. வருவீர்களா மாட்டீர்களா என்று மட்டும் கெதியாகப் பதில் போடுங்கள்.

உதயகலா